எங்க ஊர் காத்துல மருந்து இருக்கா? ரேடான் வாயுவும் பெருங்குடல் அழற்சியும்

(பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த எபிசோடை நெல்லியாளத்துல எங்க வீட்டுல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி சத்தம் கேட்டா அது மைக் கோளாறு இல்ல, தகரத்து மேல விழுற மழை. எங்க பக்கத்துல ஆடி மாசம் ரெக்கார்டிங் பண்ணா மழையும் ஒரு கெஸ்ட் மாதிரி வந்து உட்கார்ந்துக்கும்.

பழைய எபிசோடு கேட்டவங்களுக்குத் தெரியும், எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருக்கு. பெருங்குடலின் உள் தோல் வீங்கிப் புண்ணாகிற நோய். 24 வயசுல கண்டுபிடிச்சாங்க. அது கிளம்பிடுச்சுன்னா ஒரு நாளைக்குப் பத்து தடவை பாத்ரூம் ஓடணும், ரத்தம் போகும். அந்த நிலைமையில கூடலூர்ல இருந்து ஊட்டிக்கு பஸ்ல ஏறி உட்காருறது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இப்போ மெசலமின் மாத்திரையில அடங்கி இருக்கேன். தினமும் போடணும். நல்லா இருக்கும்போதும் போடணும். அதுதான் கஷ்டமே.

போன மாசம் என் சித்தப்பா பையன் ஒரு மெசேஜ் அனுப்பினான். ஜப்பான்ல விஞ்ஞானிகள் ரேடான்ங்கிற கதிரியக்க வாயுவை எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்து, குடல் அழற்சியைக் குறைச்சாங்கன்னு இருந்தது. கீழே அவன் குரல்ல ஒரு வாய்ஸ் நோட்: "அண்ணே, நம்ம கூடலூர், பந்தலூர் மண்ணுலயே அந்த கேஸ் இருக்காம். நீ எதுக்கு மாத்திரைக்குக் காசு செலவு பண்ற? தேவாலா பக்கம் பழைய தங்கச் சுரங்கம் இருக்குல்ல, அதுல தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வா."

பக்கத்துல இருந்து அம்மாவும் கேட்டுட்டாங்க. "ஏம்ப்பா, நிஜமாவா? அப்போ ஜன்னலை மூடி வெச்சா போதுமா?"

சிரிச்சிட்டுப் போயிருக்கலாம். ஆனா தம்பி சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினா ஆபத்து. பாதி உண்மையா இருக்கிற விஷயத்தைத்தான் பொறுமையா பிரிச்சுப் பார்க்கணும். பார்க்கலாம்.

முதல்ல, ரேடான்னா என்ன?

மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் கொஞ்சமாவது இருக்கும். அது கோடிக்கணக்கான வருஷத்துல மெதுவா சிதைஞ்சு ரேடியம் ஆகும். ரேடியம் சிதைஞ்சா ரேடான்-222. இந்த வரிசையில மத்ததெல்லாம் திடப்பொருள், ரேடான் மட்டும் வாயு. அதனால மண் இடுக்கு வழியா மேலே வந்து, தரை விரிசல் வழியா வீட்டுக்குள்ள நுழையும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. 3.8 நாளில் பாதி காணாமப் போயிடும்.

இதை பெக்கரல்ங்கிற அலகில் அளப்பாங்க. ஒரு நொடிக்கு ஒரு அணு சிதைஞ்சா ஒரு பெக்கரல். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை பெக்கரல்ங்கிறதுதான் கணக்கு. உலகத்துல வீடுகளுக்குள்ள சராசரியா 40 பெக்கரல் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2009-ல சொன்ன எல்லை 100. அதுக்குக் கொண்டுவர முடியாத நாடுகளில்கூட 300-ஐத் தாண்டக் கூடாது.

ரேடான் சிதையும்போது ஆல்ஃபா துகள் வெளியே வரும். ஒரு தாள் குறுக்கே வந்தாலே நின்னுடும், தோலைக்கூடத் தாண்டாது. ஆனா மூச்சு வழியா உள்ளே போயிட்டா அங்கே தோல் கிடையாது. ரேடான் சிதைஞ்சு வர்ற பொலோனியம் நுரையீரல் குழாய்களில் ஒட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கிற செல்களை நேரா அடிக்கும். 1988-லயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துடுச்சு.

அப்படிப்பட்ட வாயுவை யாராவது மருந்துன்னு சொல்வாங்களா? சொல்றாங்க. நூறு வருஷத்துக்கு மேலா சொல்றாங்க.

தங்கம் தேடப் போய் கிடைச்ச மருத்துவமனை

செக் நாட்டு யாக்கிமோவ் ஊரை எடுத்துக்கோங்க. மேரி க்யூரி ரேடியத்தைப் பிரிச்சது அந்த ஊர்ச் சுரங்கத் தாதுவில் இருந்துதான். 1906-ல இருந்து அங்கே ரேடான் தண்ணீரில் குளிக்கிற சிகிச்சை நடக்குது. அதே மலைத்தொடரில் ஜெர்மனிப் பக்கம் ஷ்னீபெர்க்னு ஒரு ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் காலங்காலமா ஒரு நுரையீரல் நோயில் செத்துக்கிட்டிருந்தாங்க. அது நுரையீரல் புற்றுநோய்னு 1879-ல இரண்டு மருத்துவர்கள் எழுதினாங்க. ஒரே மலை, ஒரே வாயு. ஒரு பக்கம் நோயாளிகள் காசு கொடுத்துக் குளிக்கிறாங்க. இன்னொரு பக்கம் தொழிலாளிகள் சாகிறாங்க.

ஆஸ்திரியாவில் பாட் காஸ்டைன் கதை எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னும் கிட்ட வரும். 1940-களில் தங்கம் தேடி மலையைக் குடைஞ்சாங்க. எதிர்பார்த்த தங்கம் கிடைக்கல. ஆனா உள்ளே வேலை செஞ்சவங்க மூட்டுவலி குறையுதுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா உள்ளே சூடு, ஈரப்பதம், கூடவே ரேடான். 1952-ல அதையே சிகிச்சைக் கூடமா திறந்துட்டாங்க. உள்ளே ரேடான் அளவு கன மீட்டருக்குச் சுமார் 44,000 பெக்கரல். நோயாளியை முதல்ல டாக்டர் பார்ப்பார். அப்புறம் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், மொத்தம் பத்து தடவை அளவுக்கு உள்ளே அனுப்புவாங்க.

எங்க தேவாலா, பந்தலூர் பக்கமும் 1880 வாக்கில் தங்கத்துக்காக லண்டன்ல கம்பெனி மேல கம்பெனியா ஆரம்பிச்சு, சில வருஷத்துல கடையைக் கட்டிட்டுப் போனாங்க. குடைஞ்ச குழிகள் இன்னும் இருக்கு. தம்பி இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா காஸ்டைன் சுரங்கத்துல பேசறது பெரும்பாலும் மூட்டு, முதுகெலும்பு நோய்களைப் பத்தி. அதுக்கு மனுஷங்ககிட்ட நடந்த சோதனைகளும் இருக்கு. ஜெர்மனியில் 60 முடக்குவாத நோயாளிகளை இரண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு ரேடான் கலந்த குளியல், இன்னொண்ணுக்கு ரேடான் இல்லாத குளியல் கொடுத்தாங்க. 2000-ல முடிவு வந்தது. சிகிச்சை முடிஞ்சப்போ இரண்டு குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ ரேடான் குழுவுக்குப் பலன் கூடுதலா நின்னுச்சு. சின்ன சோதனைதான், ஆனா முறையான சோதனை. குடலுக்குக் கையில இருக்கிறது வேற மாதிரி ஆதாரம்.

அந்த எலிகள் கதை

ஜப்பான்ல மிசாசான்னு ஒரு ரேடான் வெந்நீர் ஊற்று ஊர் இருக்கு. அந்த ஊரோட தொடர்புள்ள ஒக்கயாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல வெளியிட்ட ஆய்வுதான் தம்பி அனுப்பினது. எலிகள் குடிக்கிற தண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம்ங்கிற உப்பைக் கலப்பாங்க. அது குடலின் உள் தோலை அரிச்சு, ஒரு வாரத்துல கோலைட்டிஸ் மாதிரி ஒண்ணை உண்டாக்கும். பல ஆய்வகங்களில் பயன்படுத்துற முறைதான்.

ஒரு குழு எலிகளுக்குச் சாதாரணக் காற்று. இன்னொரு குழுவுக்கு 2,000 பெக்கரல் ரேடான் கலந்த காற்று. அந்த உப்பைக் கொடுக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஆரம்பிச்சு கடைசி வரைக்கும், மொத்தம் 8 நாள். முடிவுல ரேடான் எலிகளுக்கு நோய்க்குறிகள் குறைவு. அழற்சியைத் தூண்டுகிற டி.என்.எஃப் ஆல்ஃபா குறைவு. குடலுக்குள்ள படையெடுக்கிற வெள்ளணுக்களின் அடையாளமும் குறைவு.

எப்படின்னு அவங்க தர்ற விளக்கம் இதுதான். கோலைட்டிஸ் வந்த குடலில் வெள்ளணுக்கள் கூட்டமா வந்து, வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை வீசும். கிருமி மேல வீச வேண்டியதை சொந்தத் திசு மேல வீசும். உடம்புக்கு இதைத் தணிக்கிற என்சைம்கள் உண்டு. குறைந்த அளவு கதிர்வீச்சு உடம்புல பட்டா, அதுவும் இதே மூலக்கூறுகளைக் கொஞ்சமா உண்டாக்கும். "ஏதோ வருது, தயாரா இரு"ன்னு உடம்பு அந்தத் தணிக்கும் என்சைம்களைக் கூட்டிக்கும். அப்புறம் நிஜமான தாக்குதல் வரும்போது சேதம் குறையும். அந்த எலிகளின் குடலில் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் இரண்டுமே கூடுதலா இருந்ததை அளந்து காட்டியிருக்காங்க.

சர்வர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. வேணும்னே சின்னதா ஒரு கோளாறை உண்டாக்கிப் பார்ப்போம், பெரிய கோளாறு வர்றப்போ சிஸ்டம் தாங்கணும்னு.

இது நல்ல ஆய்வு. பொய் இல்ல. ஆனா என் குடலுக்கு இதைக் கொண்டு வரணும்னா மூணு விஷயம் இடிக்குது.

ஒண்ணு, எலிக்கு ரேடான் நோய்க்கு முந்தின நாளே ஆரம்பிச்சிடுச்சு. அது தடுப்பு. எனக்கு நோய் ஏற்கெனவே நாலு வருஷமா இருக்கு. இரண்டு, எலிக்கு வந்தது ஒரு உப்பால வந்த புண். உப்பை நிறுத்தினா குடல் தானா ஆற ஆரம்பிக்கும். என் நோய் என் நோய் எதிர்ப்பு மண்டலம் என் மேலயே திரும்பினது. நிறுத்த எந்த உப்பும் இல்ல. மூணு, அது எட்டு நாள் கதை. எனக்கு வேண்டியது நாற்பது வருஷத்துக்கான பதில். நம்ம பாஷையில சொன்னா, என் லேப்டாப்புல ஓடுதுன்னு ஒருத்தர் காட்டியிருக்கார். ப்ரொடக்‌ஷன்ல ஏத்த அது போதாது.

சரி, எங்க ஊர் மண்?

இதுலயும் பாதி உண்மை இருக்கு. கூடலூர் வட்டார மண்ணை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து, 2000-ல வெளியிட்டிருக்காங்க. இங்கே தோரியம் உலகச் சராசரியைவிடத் தெளிவாவே கூடுதல். ஆனா கவனிங்க, கூடுதலா இருக்கிறது தோரியம். தோரியத்துல இருந்து வர்றது ரேடான்-220. அதைத் தோரான்னு சொல்வாங்க. அதோட அரை ஆயுள் 56 நொடிதான். சுவத்துல இருந்து வெளியே வந்து, அறையின் நடுவுக்கு வர்றதுக்குள்ள பெரும்பகுதி சிதைஞ்சிடும். அந்த எலிகள் சுவாசிச்ச வாயு வேற, எங்க மண்ணில் தூக்கலா இருக்கிறது வேற.

"கேரளாவுல கருநாகப்பள்ளிக்காரங்க கதிரியக்க மணல் மேலதானே வாழ்றாங்க, என்ன ஆச்சு?"ன்னும் கேட்பாங்க. நியாயமான கேள்வி. அங்கே 69,958 பேரை சராசரியா பத்தரை வருஷம் தொடர்ந்து பார்த்து, 2009-ல வெளியிட்டாங்க. புற்றுநோய் கூடல. ஆனா அந்த ஆய்வு பார்த்தது மண்ணில் இருந்து வெளியே இருந்து உடம்புல படுற காமா கதிர். மூச்சுல உள்ளே போற ஆல்ஃபா கணக்கு தனி. கெடுதல் தெரியலங்கிறதை, நல்லது செய்யுதுன்னு மாத்திப் படிக்கவும் கூடாது.

கால்குலேட்டரை எடுத்தேன்

அம்மாவின் ஜன்னல் கேள்வி என்னை விடல. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செறிவை நேரத்தால பெருக்கினா மொத்தம் எவ்வளவு பட்டதுன்னு தோராயமா தெரியும்.

எலிகள்: 2,000 பெக்கரல், எட்டு நாள். 3,84,000. காஸ்டைன் நோயாளி: 44,000 பெக்கரல், பத்து மணி நேரம். 4,40,000. வேற வேற ஊர், வேற வேற உயிரினம், ஆனா கிட்டத்தட்ட ஒரே எண்.

இப்போ சாதாரண வீடு. வருஷத்துல 7,000 மணி நேரம் வீட்டுக்குள்ள இருக்கோம்னு வைங்க. சராசரி 40 பெக்கரல் வீட்டில் 2,80,000. 100 பெக்கரல் வீட்டில் 7,00,000. அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையில் நிற்கிற ஒரு வீட்டில் ஒரு வருஷம் இருந்தாலே, ஆஸ்திரியாவுக்கு டிக்கெட் போட்டுப் போய்வந்த ஒரு முழுச் சிகிச்சையைவிட அதிகம் சேர்ந்துடுது.

இது தோராயம்தான். காற்றில் ரேடானோட கூட வர்ற பொலோனியத்தின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். எலியின் மூச்சும் மனுஷன் மூச்சும் ஒண்ணு இல்ல. மொத்தம் ஒண்ணா இருந்தாலும் விளைவு ஒண்ணாகாது. பத்து சென்டிமீட்டர் மழை ஒரு மாசத்துல பெய்ஞ்சா தேயிலைக்கு நல்லது. ஒரே ராத்திரியில பெய்ஞ்சா மண் சரியும். நமக்குத் தெரியாததா?

ஆனா இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்குச்சு. சிகிச்சைங்கிறது ஆரம்பமும் முடிவும் இருக்கிற ஒண்ணு. அளவு தெரியும், நேரம் தெரியும், வெளியே வந்துடலாம். வீடு அப்படி இல்ல. ஜன்னலை மூடினா யாரும் அளக்காத ஒரு டோஸ், முப்பது வருஷம் நிக்காம ஓடும். எனக்கு மட்டும் இல்ல. அந்த அறையில தூங்குற அம்மாவுக்கும், லீவுக்கு வர்ற அக்கா பிள்ளைங்களுக்கும்.

இன்னொரு புகை

இதே நோயில இதே மாதிரி ஒரு சிக்கல் முன்னாடியே வந்திருக்கு. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வர்றது குறைவு. விட்டவங்களுக்குச் சில சமயம் நோய் கிளம்பும். கேட்கவே எரிச்சலா இருக்கும், ஆனா பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம்.

அதுக்காக எந்த டாக்டராவது சிகரெட் எழுதிக் கொடுத்தாங்களா? இல்ல. எதனால குறையுதுன்னு தேடி, நிகோட்டினை மட்டும் தோலில் ஒட்டுற பட்டையா பண்ணி மனுஷங்களுக்கே கொடுத்துப் பார்த்தாங்க. 1994-ல வந்த முடிவு: 72 நோயாளிகள், ஆறு வாரம். நிகோட்டின் குழுவில் 35 பேரில் 17 பேருக்கு நோய் முழுசா அடங்குச்சு. வெறும் பட்டை ஒட்டினவங்களில் 37 பேரில் 9 பேருக்கு. பலன் இருந்தது. ஆனா அடங்கின நோயை அடங்கியே வெச்சிருக்க அது உதவலன்னு அடுத்த சோதனை சொல்லுச்சு. அதனால அது முக்கிய மருந்தா வரல.

நல்ல அறிகுறி ஒண்ணு தெரிஞ்சா நடக்க வேண்டிய வேலை இதுதான். குடலுக்கு ஒரு லாபத்துக்காக நுரையீரலை அடகு வைக்கக் கூடாது. ரேடானிலும் அதே அடகுதான். ஐரோப்பாவில் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005-ல ஒரு கணக்கு வந்தது. வீட்டில் 100 பெக்கரல் கூடினா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 16 சதவீதம் கூடுது. புகைக்காதவங்க ஆயிரம் பேரில், ரேடானே இல்லன்னா 75 வயசுக்குள்ள 4 பேருக்கு வரும். 400 பெக்கரல் வீட்டில் 7 பேருக்கு வரும். புகைக்கிறவங்க ஆயிரம் பேரில் 100 பேர், 160 ஆகும். அதனால பீதி வேண்டாம். ஆனா ரேடானும் சிகரெட்டும் சேரவே கூடாது.

கடைசியா

நான் ஒண்ணு ஒத்துக்கணும். இரண்டு வருஷம் முன்னாடி, தெரிஞ்சவர் ஒருத்தர் கொடுத்த பொடியை நம்பி மெசலமினை நிறுத்தினேன். மூணு வாரம் ஒண்ணும் ஆகல. "பாத்தியா, தேவையே இல்ல"ன்னு நினைச்சேன். நாலாவது வாரம் ரத்தம். ஸ்டீராய்டு வரைக்கும் போய்த்தான் அடங்குச்சு. இந்த நோய் அப்படித்தான். தானாவே அடங்கும், தானாவே கிளம்பும். அடங்குற நேரத்துல எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுக்குப் பேர் கிடைச்சிடும். அதனாலதான் பாதி பேருக்குக் கொடுத்து, பாதி பேருக்குக் கொடுக்காமப் பார்க்கிற சோதனை வேணும்.

தம்பிக்கு போன் பண்ணினேன். "அந்த ஆய்வு நிஜம்டா. ஆனா அது எலிக்கு. சுரங்கத்துக்குள்ள மட்டும் நீயும் போகாத, யாரையும் அனுப்பாத"ன்னு சொன்னேன். காஸ்டைன்ல விளக்கு, டாக்டர், ரயில் எல்லாம் இருக்கு. இங்கே குழிக்குள்ள மண் சரிஞ்சா, மூச்சு முட்டினா, கேட்க ஆள் இல்ல. "சரிண்ணே, நல்லதுன்னுதான் அனுப்பினேன்"னான். அது எனக்கும் தெரியும்.

கேட்கிறவங்களில் என்னை மாதிரி யாராவது இருந்தா: மாத்திரையை நிறுத்தாதீங்க. புதுசா எதையாவது படிச்சா டாக்டர்கிட்ட கொண்டு போங்க. மழைக்காலத்துலயும் மழை விட்ட நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்து வைங்க. தரை விரிசலை சிமெண்ட் வெச்சு அடைங்க. வீட்டுக்குள்ள புகைக்காதீங்க. நாளைக்கு மனுஷங்ககிட்ட ஒழுங்கா சோதனை நடந்து, இத்தனை பெக்கரல், இத்தனை மணி நேரம்னு யாராவது எழுதிக் கொடுத்தா, முதல் ஆளா நானே அதைப் பத்தி எபிசோடு பண்றேன். அளவு எழுதாத வரைக்கும் அது மருந்து இல்ல.

அம்மா இப்போ ஜன்னலைத் திறந்து வெச்சிட்டாங்க. மழைச் சத்தம் இன்னும் அதிகமா கேட்குது. மன்னிச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.